என் வீட்டுக்காரர் பேசிய காணொளி

3, திங்கள்

காலையில் புழுக்கம். மதியம் கொட்டும் மழை. கொடியில் கிடந்த துணி எல்லாம் நனைந்து போனது. மறுபடி அலசினேன்.

வாங்க வேண்டியது: பூண்டு, சலவைத்தூள், மகள் தர்ஷினிக்கு ஹாஸ்டலில் போடச் செருப்பு.

இனிமேல் போனில் எதையும் எழுதப் பயம். அதனால் இந்த நோட்டில்.

சாப்பாட்டு நேரத்தில் பேக்டரி கேண்டீனில் போனைத் திறந்தேன். இவர் முகம். தான் ஓட்டும் லோரிக்குள் உட்கார்ந்து பேசுகிறார், பின்னால் செம்பனைக் குலை குவியல். சுற்றிலும் ஆட்கள் இருந்ததால் சத்தம் வைக்கவில்லை. கோயில் விஷயமாக ஏதோ சொல்கிறார் என்று நினைத்து ஒரு ஹார்ட் போட்டுவிட்டு மீ கோரேங் சாப்பிட்டேன். வேலை முடிந்து பஸ்ஸில் காதில் மாட்டிக் கேட்டபோதுதான் என்ன பேசியிருக்கிறார் என்று தெரிந்தது.

போன வாரம் இந்த வட்டாரத்து ஒய்.பி. ஒரு கூட்டத்தில் பேசினார். சட்டமன்றத்துக்குப் போகிறவர், எங்கள் வீடுகளுக்கும் ஓட்டுக் கேட்டு வந்தவர். பழைய எஸ்டேட் ஓரத்தில் இருக்கும் எங்கள் முனீஸ்வரர் கோயிலை அகற்ற வேண்டுமாம். நிலம் யாருடையது என்று பேசட்டும், அது வேறு. அவர் சொன்னது இது: "இந்தியர்கள் குடித்துவிட்டு எங்கே விழுகிறார்களோ, எழுந்ததும் அங்கே ஒரு கல்லை நட்டுவிட்டுக் கோயில் என்கிறார்கள்." கூட்டம் சிரித்தது. ரொம்ப நேரம் சிரித்தது.

இவர் குடிக்காதவர். அந்தக் கோயில் சுவருக்கு இவருடைய அப்பா சிமெண்டு சுமந்திருக்கிறார்.

இன்று குலை ஏற்றக் காத்திருந்த நேரத்தில் போனை நிறுத்திவைத்துப் பதில் சொல்லியிருக்கிறார். தமிழில் திட்டியிருக்கலாம். அவர்களுக்குப் புரியட்டும் என்று மலாயில். முதல் பாதி நியாயமான பேச்சு. பிறகு ஒய்.பி.யை ஒரு மிருகத்தின் பெயர் சொல்லி அழைத்தார். முஸ்லிம்களைப் பார்த்துச் சொல்லவே கூடாத மிருகம். அதோடும் நிறுத்தவில்லை. உன் இனமே இப்படித்தான், உட்கார்ந்து தின்கிற கூட்டம் என்று போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "என்னங்க, என்னா பேசி வச்சிருக்கீங்க?"

"அவன் பேசலாம், நான் பேசக்கூடாதா?"

"அவனைப் பேசுனீங்க, சரி. எல்லா மலாய்க்காரங்களையும் ஏன் பேசுனீங்க?"

இவர் எழுந்து துண்டை எடுத்தார். பிறகு குளிக்கப் போனார். நான் போட்ட ஹார்ட்டை எடுத்துவிட்டேன். எடுத்தாலும் யாராவது பார்த்திருப்பார்கள்.

4, செவ்வாய்

இவர் காலையிலேயே காணொளியை அழித்துவிட்டார். பயன் இல்லை. வேறு யார் யாரோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒருவன் லோரி நம்பரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறான். இன்னொருவன் எங்கள் வீட்டுக் கேட்டின் படத்தைப் போட்டிருக்கிறான். எங்கள் துளசிச் செடி, எங்கள் செருப்பு ஸ்டாண்டு. நேற்று இரவோ இன்று காலையோ யாரோ எங்கள் வாசலில் நின்று எடுத்திருக்கிறார்கள்.

கீழே எழுதியிருப்பது: இந்தியாவுக்குத் திரும்பிப் போ. இவன் பெண்டாட்டி எங்கே வேலை செய்கிறாள். மகள் இருக்கிறாளாம். படிக்கக் கூடாது, படித்தேன்.

நம் ஆட்கள் எழுதியதும் உண்டு. சிங்கம், அண்ணே நீங்கதான் ஆம்பளை, இன்னும் நல்லா கேளுங்க. இவற்றைப் படித்தபோதும் பயம்தான் வந்தது.

வீட்டுப் போனுக்கு ஓர் அழைப்பு. மலாயில், மிகவும் மரியாதையான குரல். "சந்திரன் வீடா?" ஆமாம் என்றேன். "வீட்டில் எல்லாரும் நலமா?" நலம் என்றேன். "நல்லது. நலமாக இருங்கள்." வைத்துவிட்டார். கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

தர்ஷினிக்குப் போன் போட்டேன். "ஹாஸ்டலை விட்டு வெளிய போகாத. யாரு கேட்டாலும் அப்பா பேரு சொல்லாத."

"எல்லாருக்கும் தெரியும்மா," என்றாள். அப்புறம் க்ளாஸ் இருக்கு என்று வைத்துவிட்டாள்.

5, புதன்

வேலை. போகாமல் இருந்தால் பயந்துவிட்டாள் என்பார்கள் என்று போனேன்.

உள்ளே போகும் முன் மாற்றும் வெள்ளைச் செருப்பு, ரேக்கில் என் இடத்தில் இல்லை. தேடினேன். குப்பைக் கூடையில் கிடந்தது, மேலே யாரோ குடித்துப்போட்ட மைலோ பாக்கெட். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் கையுறை மாட்டுவதில் மும்முரம். ஸ்டோரில் வேறு செருப்பு வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே தூசி படக் கூடாது, எல்லாரும் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும் தெரியும். இத்தனை வருஷத்தில் கண்ணை வைத்தே ஆளைக் கண்டுபிடிப்பேன். ரோஹானியின் கண்ணைத் தேடினேன். பத்து வருஷத்துக்கு மேல் என் பக்கத்து மெஷின். காக் ரோஹானி என்று கூப்பிடுவேன், காக் என்றால் அக்கா. தர்ஷினிக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தபோது என் ஷிப்டையும் சேர்த்துப் பார்த்தவள். இன்று என்னைப் பார்த்தாள். பிறகு மைக்ரோஸ்கோப்பில் குனிந்துகொண்டாள். ஷிப்ட் முடியும்வரை நிமிரவில்லை.

மூன்று மணிவாக்கில் எச்.ஆர். கூப்பிட்டார்கள். சின்ன அறை, ஏர்கான் குளிர். அந்த அம்மா தன்மையாகத்தான் பேசினார்.

"நீங்கள் அதைப் பகிர்ந்தீர்களா?"

"இல்லை."

"லைக்?"

சத்தம் இல்லாமல் பார்த்தேன், தெரியாமல் போட்டேன், எடுத்துவிட்டேன் என்றேன். எனக்கே பொய் போல் கேட்டது. அவர் குறித்துக்கொண்டார். ஸ்கிரீன்ஷாட் அவரிடம் ஏற்கெனவே இருந்தது.

பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலி. நின்றுகொண்டு வந்தவர்கள் இருந்தார்கள்.

6, வியாழன்

வெயில். குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

இவருடைய லோரித் தவுக்கே, சீன முதலாளி, காலையில் கூப்பிட்டாராம். "சந்திரன், நீ கொஞ்சம் ரெஸ்ட் எடு லா. என் லோரியை யாராவது கல்லால் அடித்தால் யார் பதில் சொல்வது? உங்கள் ஆட்களுக்கு வாய் சூடு அதிகம்." இதைச் சொல்லிக் காட்டிவிட்டு இவர் சிரித்தார். "பாரு, அந்த ஆளுக்கும் நாம எல்லாரும் ஒரே ஆளுதான்." சிரிப்பு நிற்கவில்லை. அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

சாயந்திரம் நம் இந்தியர் கட்சிக் கிளைத் தலைவர் மணியம் வந்தார், கூட ரெண்டு பேர். தேநீர் குடித்தார்கள். "அண்ணே, நீங்க பயப்படாதீங்க. சமுதாயமே உங்க பின்னால நிக்குது." இவரைத் தோளில் கைபோட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டார். எங்கள் கேட்டுக்கு முன்னால் நின்றே எடுத்தார். ஏற்கெனவே ஒரு படம் போதாதா என்று கேட்க வாய் வரை வந்தது.

8, சனி

நேற்று எழுத முடியவில்லை.

மதியம் போலீஸ் வந்தது. ரெண்டு பேர் உடுப்பில், ஒருவர் சாதாரணச் சட்டையில். சத்தம் போடவில்லை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். இவர் போனை வாங்கி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டினார்கள். வாக்குமூலம் எடுக்கணும், கூட வாங்க என்றார்கள். இவர் சட்டை மாற்றப் போனபோது ஒருவர் பின்னாலேயே அறை வாசல்வரை போனார். இவர் பொத்தான் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார். சரிசெய்யக் கை நீட்டினேன். "பரவாயில்ல விடு," என்றார்.

எதிர்வீட்டுச் சன்னலில் திரை அசைந்தது.

மணியம் அண்ணனுக்குப் போன். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. பிறகு ஒரு செய்தி: மீட்டிங்.

கோயில் செயலாளரின் அக்கா மகள் வக்கீல். அவர்தான் போலீஸ் பாலாய்க்கு ஓடினார். என்னைக் கூப்பிட்டு, "அக்கா, இன்னிக்கி ராத்திரி உள்ளதான் வச்சிருப்பாங்க. நாளைக்கி ஜாமீன்ல எடுத்திரலாம். யாரு கேட்டாலும் எதுவும் பேசாதீங்க, எதுவும் எழுதாதீங்க," என்றார். எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இருட்டும் முன் தர்ஷினி வந்துவிட்டாள், பஸ் மாறி மாறித் தனியாக. அறைத் தோழிகள் ஒன்றும் சொல்லவில்லையாம். ஒருத்தி மட்டும் கட்டிலை அடுத்த அறைக்கு மாற்றிக்கொண்டாளாம். "அவ கெட்டவ இல்லம்மா. அவளுக்கும் பயம்." சாப்பிடாமல் படுத்தாள். முன்கதவுக்குக் குறுக்கே சோபாவை இழுத்துப் போட்டுவிட்டு ரெண்டு பேரும் ஒரே கட்டிலில் படுத்தோம்.

இவரை இன்று பதினொரு மணிக்கு விட்டார்கள். ஒரு ராத்திரியில் முகம் சிறுத்துவிட்டது. வீட்டுக்கு வந்து ரெண்டு தடவை குளித்தார்.

அடித்தார்களா என்று கேட்டேன். இல்லையாம். அறையில் ஒரு மலாய்க்காரர் மட்டும் கூட இருந்தாராம், வேறு ஏதோ வழக்கு. "என்னையே பாத்துக்கிட்டு இருந்தான் செல்வி. ஆளு யாருன்னு தெரிஞ்சு போச்சுன்னு நெனச்சேன். சுவத்த ஒட்டி உக்காந்துட்டேன். ரொம்ப நேரம் கழிச்சு வாயத் தொறந்தான். உங்களுக்குக் குளிருதா, இந்தப் பக்கம் வந்துருங்க, அங்க காத்து வருதுன்னு சொன்னான்."

இவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

10, திங்கள்

விடுப்பு போட்டேன். மருத்துவ விடுப்பு இல்லை, ஆண்டு விடுப்பில் கழியும்.

மணியம் மறுபடி வந்தார், எதுவும் நடக்காதது போல. ஏற்பாடு ஒன்று செய்திருக்கிறாராம். ஒய்.பி.யின் சேவை மையத்துக்கு இவர் போகணும், கைகொடுத்து மன்னிப்புக் கேட்கணும், பத்திரிகைக்காரர்கள் வருவார்கள், நடுவில் மணியம். "ஒய்.பி. பெரிய மனசு பண்ணி ஒத்துக்கிட்டாரு. படம் வந்துச்சுன்னா கேஸ் மெல்ல அமுங்கிரும்."

"அவரு பேசுனதுக்கு அவரு என்னா சொல்லப் போறாரு?" என்று இவர் கேட்டார்.

"அதெல்லாம் இப்ப எதுக்குண்ணே? அவரு பெரிய எடம்."

"அப்ப நான் வரல."

நான் குறுக்கே விழுந்தேன். எனக்கு வெட்கம் இல்லை, உண்மையைத்தான் எழுதுகிறேன். போங்க, காலில் விழச் சொன்னாலும் விழுங்க, என்னால் இந்தக் கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை என்று கத்தினேன். மணியம் எழுந்து சாவியைத் தேட ஆரம்பித்தார்.

அவர் போனபின் தர்ஷினி சொன்னாள். "அப்பா பேசுனது தப்பு. அசிங்கமா இருந்துச்சு, என் ரூம்ல அதப் போட்டுக் கேட்டாங்க, நான் அங்கயே உக்காந்திருந்தேன். ஆனா அந்த ஆளு பேசுனதையும் அதே ரூம்ல போட்டுக் கேட்டுச் சிரிச்சாங்கம்மா. அதுக்கு யாரு மன்னிப்புக் கேட்டா?"

இவர் மகளையே பார்த்தார். "ஒன்னய அங்க உக்கார வச்சுட்டேனே," என்றார்.

பிறகு இவரே, "ஒய்.பி.கிட்ட நான் கேக்க மாட்டேன். ஆனா கேக்க வேண்டிய ஆளுங்க இருக்காங்க. ரோஹானி வீட்டுக்குப் போலாமா?"

எனக்கு ஒய்.பி.யிடம் போவதைவிட இதுதான் பயம்.

15, சனி

ரோஹானிக்கு எழுதிக் கேட்க எனக்கு மூன்று நாள் ஆனது. உடனே பதில். எங்கள் குடியிருப்புத் தாமானுக்கு வராதே, யான் கிராமத்தில் என் அம்மா வீட்டுக்கு வா.

காலையில் கிளம்பினோம், நான்தான் ஓட்டினேன். இவர் தொப்பியை இறக்கி மாட்டிக்கொண்டு பக்கத்தில். ஜெராய் மலை உச்சியில் மேகம். அந்தப் பக்கம் இறங்கியதும் வயல், பச்சை கண்ணைக் கூசியது. சாலையோரக் கடைகளில் ஒய்.பி.யின் கட்சிக் கொடிகள். ஒவ்வொரு கொடியையும் கடக்கும்போது இவர் தலையைக் குனிந்துகொண்டார். காருக்கு எண்ணெய் போட நிறுத்தச் சொன்னார், நான் நிறுத்தவில்லை. யான் வரை போதும் என்றேன்.

மரவீடு. ரோஹானி வாசலிலேயே நின்றாள். காரைப் பின்பக்கம், மாமரத்துக்குக் கீழே விடச் சொன்னாள். சாலையில் இருந்து தெரியாத இடம்.

உள்ளே உட்கார்ந்தோம். சிரப் தண்ணீர் கொடுத்தாள். இவர் குடிக்கவில்லை. எழுந்து நின்று மலாயில் சொன்னார், வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தது. "நான் ஒரு ஆளைத் திட்டப் போய் உங்களைத் திட்டிவிட்டேன். நீங்கள் எங்கள் வீட்டில் சாப்பிட்டவர். என் மகளுக்காக உழைத்தவர். என்னை மன்னிக்க வேண்டும்."

ரோஹானி அழவில்லை. தட்டை நேராக நகர்த்தி வைத்தாள். அவளும் மலாயில்தான் பேசினாள், இரைச்சல் இல்லாமல்.

"அந்தக் காணொளியைக் கேட்டபோது என் வயதான அம்மாவைப் பார்த்தேன் சந்திரன். நாற்று நட்டே முதுகு வளைந்தவர். உட்கார்ந்து தின்கிறவரா அவர்?"

இவர் நின்றபடியே இருந்தார்.

"நானும் ஒன்று சொல்லவேண்டும், செல்வி. என் தம்பி அந்த ஒய்.பி. கூட்டத்துக்குப் போயிருந்தான். பேச்சைப் போனில் போட்டுக் காட்டினான். கல்லை நடுகிறார்கள் என்றாரே, அப்போது நான் சிரித்தேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உன் முகம் அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. பிறகுதான் வந்தது. அதனால்தான் பேக்டரி லைனில் உன்னைப் பார்க்க முடியவில்லை. கோபத்தால் மட்டும் இல்லை."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது வெளியே ஒரு கார் சத்தம். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை எடுத்துக்கொண்டோம். ரோஹானி எழுந்து சன்னல் ஓரமாக நின்று பார்த்தாள். கார் நிற்காமல் போனது.

கிளம்பும்போது சொன்னாள். "லைனில் கொஞ்ச நாள் உன்னோடு பேசமாட்டேன். தம்பியின் சிநேகிதர்கள் ரெண்டு பேர் அங்கே இருக்கிறார்கள். மனதில் வைத்துக்கொள்ளாதே." வைத்துக்கொள்ள மாட்டேன் என்றேன். அவளுடைய ஆட்களுக்கே அவள் பயப்படுகிறாள் என்று எனக்கு இதற்குமுன் தோன்றியதே இல்லை.

திரும்பும்போது இவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எண்ணெய் போட நிறுத்தினேன்.

19, புதன்

வேலைக்குப் போகிறேன். லைனில் யாரும் பேசுவதில்லை. பழகிக்கொள்ளப் பார்க்கிறேன். தலைவலி மாத்திரை தீர்ந்துவிட்டது.

வக்கீலம்மா கூப்பிட்டார். குற்றம் சாட்டப் போகிறார்களாம், திங்கட்கிழமை கோர்ட். நம் கோயில் கமிட்டியும் ஒய்.பி. மேல் போலீஸ் ரெப்போர்ட் போட்டது அல்லவா, அது என்ன ஆனது என்று கேட்டேன். "விசாரணையில இருக்குன்னு சொல்றாங்க அக்கா." குரலில் ஒன்றும் இல்லை.

ஜெயில் உண்டா என்று கேட்க முடியவில்லை. தர்ஷினி போனை வாங்கிக் கேட்டாள். சட்டத்தில் உண்டு, ஆனால் முதல் தடவை, காணொளியையும் மறுநாளே அழித்திருக்கிறார், அநேகமாக அபராதம் என்றார். அநேகமாக.

24, திங்கள்

கோர்ட். காலையில் இட்லி வைத்தேன், யாரும் தொடவில்லை. இவருக்குத் தர்ஷினி சட்டை தேய்த்துக் கொடுத்தாள்.

வாசலில் கேமராக்காரர்கள். மணியம் வரவில்லை. கோயில் செயலாளரும் அவர் மனைவியும் வந்தார்கள். இன்னொரு பக்கம் ஒய்.பி. கட்சி ஆட்கள் கொஞ்சம் பேர், ஒரே நிற டி-சட்டை. அவர்களைத் தாண்டித்தான் படியேற வேண்டும். ஒருவர் நகர்ந்து வழிவிட்டார். அதற்கே நன்றி சொன்னேன், இரண்டு தடவை சொன்னேன்.

இவரைக் கூண்டில் நிற்க வைத்தார்கள். குற்றப்பத்திரிகையை ஒருவர் மலாயில் வாசித்தார், கறிக்கடைப் பட்டியல் வாசிப்பது போல ஏற்ற இறக்கம் இல்லாத குரல். இவர் சொன்ன வார்த்தைகள் அத்தனையும், ஒன்றுவிடாமல். மிருகத்தின் பெயரும். பிறகு ஒரு தமிழ்ப் பெண் மொழிபெயர்த்துச் சொன்னாள், தர்ஷினியைவிடக் கொஞ்சம் பெரியவளாக இருப்பாள். அந்தப் பெயர் வந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினாள். நீதிபதி, கேட்கவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்றார். மறுபடி சொன்னாள். இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

புரிகிறதா என்று கேட்டார்கள். புரிகிறது என்றார். ஒப்புக்கொள்கிறீர்களா? ஒப்புக்கொள்கிறேன்.

அபராதம். கட்டாவிட்டால் ஜெயில். என் தம்பி கட்டினான்.

ஒய்.பி. பேசியதை அங்கே யாரும் வாசிக்கவில்லை. அதை வாசிக்க ஒரு இடம் இருக்கும் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது. எல்லாரும் எழுந்தபோதுதான் தெரிந்தது, முடிந்துவிட்டது என்று.

வெளியே ஒருவன் மைக்கை நீட்டினான். "ஒய்.பி.க்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?" இவர் வாயைத் திறந்தார். எனக்கு உயிரே இல்லை. தர்ஷினி அவர் முழங்கையைப் பிடித்தாள். மூடிக்கொண்டார். காருக்கு நடந்தோம்.

26, புதன்

தர்ஷினி ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டாள். போய்ச் சேர்ந்ததும் ஒரு செய்தி: ஓகே மா.

தவுக்கே இன்னும் கூப்பிடவில்லை. இவர் கூலிமில் ஒரு கிடங்கு வேலைக்குக் கேட்கப் போயிருக்கிறார். பெயரைக் கேட்டதும் தெரிந்துகொள்வார்கள் என்று போகும்போது சொன்னார். கேட்டால் உள்ளதைச் சொல்லுங்க என்றேன்.

எனக்கு ஓய்வு நாள். வீடு கூட்டினேன், விளக்கு தேய்த்தேன். சமையல் கேஸ் தீர்ந்தது, கடைக்குப் போன் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் வண்டி நின்றது. யாரோ கேட்டைத் தட்டினார்கள். மலாய்க் குரல், அக்கா, அக்கா என்று. நான் குளியலறையில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். தட்டும் சத்தம் நின்று, வண்டி கிளம்பி, சத்தம் தெருக்கோடி வரைக்கும் போய் மறைந்தபிறகும் வெளியே வரவில்லை.

போன் அடித்தது. கேஸ் கடைக்காரர். "வீட்ல ஆள் இல்லையா? பையன் தட்டித் தட்டிப் பாத்துட்டுத் திரும்பிட்டான்."

வெளியே போயிருந்தேன் என்றேன்.

"மறுபடி அனுப்பவா?"

இவர் வந்தபிறகு அனுப்புங்க என்றேன்.